இசுலாமியத் திருமண விலக்குகள்: எது மறைவிதி, எது சாதி?

தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றில் நடந்த சட்ட விழிப்புணர்வு முகாமில், கூட்டம் கலைந்த பிறகு ஓர் இளைஞர் என்னிடம் வந்தார். அவருடைய தாத்தா காலத்தில் குடும்பம் இசுலாத்தை ஏற்றது. அதே ஊரின் பழைய முஸ்லிம் குடும்பத்துப் பெண்ணை அவர் விரும்புகிறார், அவளும் விரும்புகிறாள். பெண்ணின் வீட்டார் மறுத்துவிட்டனர். நியாயம் கேட்கப் போனவரிடம் ஊர்ப் பெரியவர் சொன்ன விடை: “குஃப்வு பார்க்க வேண்டும் தம்பி, அது மார்க்கச் சட்டம்.” சாதி இல்லாத மார்க்கம் என்று வந்தோமே, அங்கும் இப்படி ஒரு சட்டம் உண்டா என்பதுதான் அவர் கேள்வி.

அகமணமே சாதியின் அடித்தளம் என்பதை அம்பேத்கர் 1916ஆம் ஆண்டிலேயே, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் நிறுவினார். ஆகவே, யாரை மணக்கலாம், யாரை மணக்கலாகாது என்று ஒரு சமயம் வகுக்கும் விதிகள் அச்சமயத்தாருக்கு மட்டும் உரிய செய்தி ஆகா. இசுலாத்தைப் பொறுத்தவரை இவ்விதிகள் மூன்று வேறு தளங்களில் உள்ளன. முதலாவது குர்ஆன் நேரடியாக விதித்த விலக்குகள். இரண்டாவது விலக்கை மீறினால் திருமணத்திற்கு என்ன ஆகும் என்று சட்ட அறிஞர்கள் வகுத்த வகைப்பாடு. மூன்றாவது ‘பொருத்தம்’ என்ற பெயரில் பின்னர் வளர்ந்த கோட்பாடு. ஊர்ப் பெரியவர்கள் பலர் மூன்றாவதை முதலாவதாகக் காட்டுகின்றனர். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

மறை விலக்கியவர்கள்

குர்ஆனின் நான்காம் அத்தியாயத்தில் 22 முதல் 24 வரையிலான வசனங்கள், ஓர் ஆண் மணக்கக் கூடாதவர்களைப் பட்டியலிடுகின்றன. தாய், மகள், உடன்பிறந்தாள், தந்தையின் உடன்பிறந்தாள், தாயின் உடன்பிறந்தாள், உடன்பிறந்தான் மகள், உடன்பிறந்தாள் மகள் ஆகியோர் குருதி உறவால் விலக்கப்பட்டவர்கள். மாமியார், தந்தையின் மனைவி, மகனின் மனைவி, கூடி வாழ்ந்த மனைவிக்கு முன்னரே பிறந்த மகள் ஆகியோர் திருமண உறவால் விலக்கப்பட்டவர்கள். மூன்றாவது வகை பால்குடி உறவு. பாலூட்டிய செவிலித்தாயும், அவளிடம் பால் குடித்த மற்றொரு குழந்தையும் தாய், உடன்பிறப்பு நிலையைப் பெறுகின்றனர். குழந்தைப் பருவத்தில் ஒருமுறை குடித்திருந்தாலே போதும் என்பது ஹனஃபி சட்டப்பள்ளியின் நிலை. ஐந்து முறை வேண்டும் என்பது ஷாஃபி பள்ளியின் நிலை.

தமிழ் வாசகருக்கு இப்பட்டியலில் இரண்டு இடங்கள் வியப்பளிக்கும். அக்காள் மகளைத் தாய்மாமன் மணப்பது தமிழ்நாட்டில் பல சாதிகளிடம் வழக்கமாக இருந்தது, இன்றும் இருக்கிறது. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் அதைத் தடுக்கப்பட்ட உறவு என்று வகைப்படுத்திவிட்டு, வழக்காறு அனுமதித்தால் செல்லும் என்று கதவைத் திறந்தும் வைத்தது. இசுலாத்தில் அந்தக் கதவு இல்லை. உடன்பிறந்தாள் மகள் என்றென்றைக்கும் விலக்கு. மறுபுறம், பெரியப்பா, சித்தப்பா மகளைத் தங்கை என்றே அழைக்கும் மொழி நம்முடையது. இசுலாமியச் சட்டம் அவளை மணக்கத் தடை விதிக்கவில்லை. மாமன் மகள், அத்தை மகளோடு பெரியப்பா மகள், சின்னம்மா மகள் ஆகியோரும் அனுமதிக்கப்பட்டவர்களே. உறவு குறித்த அருவருப்பும் உகப்பும் இயற்கையானவை அல்ல, சமூகம் கற்பித்தவை என்பதற்கு மாணவர்களிடம் நான் காட்டும் எடுத்துக்காட்டு இதுதான்.

சூழல் மாறினால் நீங்கும் விலக்குகளும் உள்ளன. உடன்பிறந்த சகோதரிகள் இருவரை ஒரே காலத்தில் மனைவியராகக் கொள்ளலாகாது. நால்வர் இருக்கையில் ஐந்தாமவளை மணக்கலாகாது. மணவிலக்குப் பெற்ற பெண் மூன்று மாதவிடாய்க் காலமும், கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும், கருவுற்றிருப்பவள் மகப்பேறு வரையிலும் ‘இத்தா’ இருக்க வேண்டும். அதற்குள் மறுமணம் கூடாது. மூன்று முறை மணவிலக்கு முற்றுப்பெற்ற கணவனையே மீண்டும் மணக்க வேண்டுமானால், இடையில் அவள் வேறொருவரை மணந்து அந்தத் திருமணமும் இயல்பாக முறிந்திருக்க வேண்டும். இவ்விதியை ஒப்பந்த நாடகமாக மாற்றிய ‘ஹலாலா’ வழக்கம் பெண்களை எப்படிச் சிதைக்கிறது என்பது தனிக் கட்டுரைக்குரியது.

இவ்வளவு நீண்ட பட்டியலில் குலம் இல்லை, தொழில் இல்லை, நிறம் இல்லை. எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

செல்லாதது வேறு, முறையற்றது வேறு

விலக்கை மீறி ஒரு திருமணம் நடந்துவிட்டால் அது என்ன ஆகும்? பெண்ணின் வாழ்வாதாரம் இக்கேள்வியின் விடையில் தொங்குகிறது. ஹனஃபி அறிஞர்கள் திருமணத்தை மூன்றாக வகைப்படுத்தினர். எல்லா நிபந்தனைகளும் நிறைவேறினால் ‘ஸஹீஹ்’, அதாவது முறையானது. தாய், மகள் போன்ற நிரந்தர விலக்குடையவரையோ பிறர் மனைவியையோ மணந்தால் ‘பாத்தில்’, அதாவது தொடக்கத்திலிருந்தே செல்லாதது. சாட்சியில்லாமல் மணத்தல், இத்தாவில் மணத்தல், ஐந்தாம் மனைவியை மணத்தல் போன்ற நீக்கக்கூடிய குறைகள் இருந்தால் ‘ஃபாஸித்’, அதாவது முறையற்றது. ஃபாஸித் திருமணத்தில் கூடி வாழ்ந்த பெண்ணுக்கு மஹர் உண்டு, பிறக்கும் குழந்தைகள் சட்டப்படியானவர்கள். ஆனால் கணவன் மனைவி ஒருவர் சொத்துக்கு ஒருவர் வாரிசாக முடியாது. ஷியா சட்டம் இந்த இடைநிலையை ஏற்பதில்லை.

நீதிமன்றங்களில் இவ்வேறுபாடு உயிரோடு இருக்கிறது. மனைவி உயிரோடிருக்கையில் அவளுடைய தங்கையையும் மணந்த ஒருவர், இரண்டாம் திருமணமே செல்லாது என்று கூறி அவளுக்கு ஜீவனாம்சம் தர மறுத்தார். சந்த் பட்டேல் எதிர் பிஸ்மில்லா பேகம் என்ற அவ்வழக்கில் 2008ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், அது ஃபாஸித்தே தவிர பாத்தில் அல்ல என்றும், உரிய நீதிமன்றம் செல்லாதென்று அறிவிக்கும் வரை அவளும் அவள் பிள்ளையும் ஜீவனாம்சத்திற்கு உரியவர்கள் என்றும் தீர்ப்பளித்தது. தவறு செய்த ஆண் அத்தவற்றையே கேடயமாக ஏந்தி வருவதை வழக்கறிஞர்கள் அடிக்கடி காண்கிறோம். அந்தக் கேடயத்தை உடைக்க மத்தியகால வகைப்பாடு ஒன்று உதவியது.

சமயம் வேறானால்?

இணைவைப்போரை, அவர்கள் நம்பிக்கை கொள்ளும் வரை, மணக்க வேண்டாம் என்கிறது குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 221ஆம் வசனம். ஐந்தாம் அத்தியாயம் 5ஆம் வசனம், முன்னர் வேதம் அருளப்பட்ட சமூகங்களைச் சேர்ந்த, அதாவது யூத, கிறித்தவப் பெண்களை முஸ்லிம் ஆண் மணக்கலாம் என்கிறது. முஸ்லிம் பெண்ணுக்கு அத்தகைய விலக்களிப்பை மரபுவழிச் சட்ட அறிஞர்கள் தரவில்லை. ஆணுக்கு ஒரு வாயில், பெண்ணுக்குச் சுவர் என்ற இந்த ஏற்றத்தாழ்வைப் பூசி மெழுக வேண்டியதில்லை.

இந்தியாவில் இது எப்படிச் செயல்படுகிறது? முஸ்லிம் ஆண், மதம் மாறாத இந்துப் பெண்ணை நிக்காஹ் முறையில் மணந்தால் அத்திருமணம் ஃபாஸித். குழந்தை சட்டப்படியானது, தந்தையின் சொத்தில் பங்குண்டு. மனைவிக்கு மஹர் உண்டு, வாரிசுரிமை இல்லை. முகமது சலீம் எதிர் சம்சுதீன் என்ற கேரள வழக்கில் 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. நிக்காஹ் மட்டும் செய்துகொண்டு இருபது ஆண்டு குடும்பம் நடத்திய பெண், கணவன் இறந்த பின் வெறுங்கையோடு நிற்கும் வாய்ப்பு இதில் உள்ளது. காதலர்கள் இதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

இதற்கு மாற்று 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். யாரும் மதம் மாற வேண்டியதில்லை. வாரிசுரிமை இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி அமையும். கணவன் மனைவி இருவருக்கும் அதில் பங்குண்டு. 2024 மே மாதத்தில் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம், முஸ்லிம் ஆணும் இந்துப் பெண்ணும் இச்சட்டத்தின்கீழ் பதிவுசெய்தாலும் தனிச் சட்டத்தின் தடை நீங்காது என்று கூறி, பாதுகாப்புக் கோரி வந்த இணையரைத் திருப்பி அனுப்பியது. திருமண நிபந்தனைகளை வகுக்கும் நான்காம் பிரிவு, நடைமுறையிலுள்ள வேறெந்தச் சட்டத்தில் என்ன இருந்தாலும் என்ற சொற்களோடுதான் தொடங்குகிறது. அச்சொற்களைக் கடந்து அந்த முடிவுக்கு எப்படி வர முடிந்தது என்பது எனக்கு விளங்கவில்லை.

இச்சட்டத்திலும் ஒரு முரண் உண்டு. அதன் இணைப்பிலுள்ள தடுக்கப்பட்ட உறவுகளின் பட்டியலில் மாமன் மகளும் அத்தை மகளும் இருக்கிறார்கள். வழக்காற்று விலக்கு வேண்டுமானால் மாநில அரசு அரசிதழில் அறிவித்திருக்க வேண்டும். இசுலாமும் தமிழ் வழக்கமும் ஒருசேர அனுமதிக்கும் உறவை மதச்சார்பற்ற சட்டம் தடுக்கிறது.

குஃப்வு: பின்வாசல் வழியே வந்த சாதி

இனி அந்த இளைஞரின் கேள்விக்கு வருவோம். ‘குஃப்வு’ என்றால் இணையானவர். மணமகன் மணமகளுக்கு இணையானவனாக இருக்க வேண்டும் என்ற கோட்பாட்டுக்குக் ‘கஃபாஅத்’ என்று பெயர். விலக்கப்பட்டோர் பட்டியல் போன்ற ஒன்று குர்ஆனில் இதற்கு இல்லை. நபிகளின் நடைமுறையோ எதிர்த்திசையில் செல்கிறது. தம் அத்தை மகளான ஸைனபை, விடுதலை பெற்ற அடிமையான ஸைதுக்கு மணமுடித்தவர் அவர். மணவிலக்குப் பெற்ற ஃபாத்திமா பின்த் கைஸ் என்ற குறைஷிப் பெண்ணுக்கு, அதே ஸைதின் மகன் உஸாமாவை மணக்கும்படி அறிவுரை கூறியவரும் அவரே. உயர்குலப் பெண்ணை முன்னாள் அடிமைக்குக் கொடுப்பது அன்றைய அரேபியாவில் எளிய செயல் அல்ல.

கஃபாஅத் முழு வளர்ச்சி பெற்றது இராக்கின் கூஃபா நகரில் வேரூன்றிய ஹனஃபி பள்ளியில். அரபு வெற்றியாளர்களும், அவர்களைச் சார்ந்து இசுலாத்தை ஏற்ற பாரசீகர் முதலியோரும் கலந்து வாழ்ந்த, அடுக்குகள் இறுகிய நகரம் அது. அச்சமூகச் சூழலே இக்கோட்பாட்டைப் பிறப்பித்தது என்று சட்ட வரலாற்றாளர் நோயல் கூல்சன் வாதிடுகிறார். மதீனாவில் வாழ்ந்த இமாம் மாலிக், இறைப்பற்று ஒன்றே பொருத்தம் என்ற அளவில் நின்றுகொண்டார். ஸுஃப்யான் ஸவ்ரியும், ஹனஃபி பள்ளிக்குள்ளேயே கர்கீயும் குலப் பொருத்தத்தை மறுத்தனர். நெசவாளரையும் குருதி உறிஞ்சி எடுக்கும் வைத்தியரையும் தாழ்த்தி நபியின் பெயரால் வழங்கும் கூற்றுகளை நபிமொழி ஆய்வாளர்களே புனைவு என்று தள்ளியுள்ளனர்.

இருந்தும் நம் நாட்டுக்கு வந்து சேர்ந்தது ஹனஃபி வடிவம்தான். பன்னிரண்டாம் நூற்றாண்டில் மத்திய ஆசியாவின் மர்கினானி எழுதிய ஹிதாயா, பொருத்தம் பார்க்க வேண்டியவை என்று குலம், முன்னோரின் இசுலாம், விடுதலை நிலை, ஒழுக்கம், செல்வம், தொழில் ஆகியவற்றைப் பேசுகிறது. இவற்றுள் இரண்டு நம்மை நேரடியாகத் தொடுபவை.

ஒன்று, தொழில். குருதி உறிஞ்சி எடுப்பவர், நெசவாளர், தோல் பதனிடுபவர் ஆகியோரின் தொழிலை இழிந்ததென இந்நூல் எடுத்துக்காட்டுகிறது. தோல் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ஆம்பூரும் வாணியம்பாடியும். அங்கே தோல் தொழிற்கூடங்களால் செல்வந்தரான முஸ்லிம் குடும்பங்கள் உண்டு. சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கும் தலித் தொழிலாளர்களும் உண்டு. முதலாளியின் குலத்தை அத்தொழில் கெடுப்பதில்லை. இழிவு தோலில் இல்லை, அதைத் தொடும் கையின் வர்க்கத்திலும் சாதியிலும் இருக்கிறது.

மற்றொன்று, முன்னோரின் இசுலாம். தானே இசுலாத்தை ஏற்றவர், தந்தை காலம் முதல் முஸ்லிமான குடும்பத்துப் பெண்ணுக்கு இணையாகார். தந்தை மட்டும் முஸ்லிமானவர், தந்தையும் பாட்டனும் முஸ்லிமான பெண்ணுக்கு இணையாகார். அதற்கப்பால் கணக்கு இல்லை: இரண்டு தலைமுறை கடந்தால் எல்லோரும் சமம். இவ்விதியைக் கறாராகப் படித்தாலே, பாட்டனும் தந்தையும் முஸ்லிமாக வாழ்ந்த நம் இளைஞருக்கு எதிராக இந்த அளவுகோலைக் காட்ட முடியாது. 1981 பிப்ரவரியில் மீனாட்சிபுரத்தில் இசுலாத்தை ஏற்ற தலித் குடும்பங்களின் பேரப் பிள்ளைகள் இன்று மணவயதில் இருக்கிறார்கள். இரண்டு தலைமுறைக் கணக்கு முடிந்த பிறகும் ‘புது முஸ்லிம்’ என்ற பெயர் ஒருவரைத் தொடருமானால், அதைத் தொடரச் செய்வது ஹிதாயா அல்ல.

இக்கோட்பாட்டின் இன்னொரு கூறு கவனத்திற்குரியது. பொருத்தம் ஆணிடம் மட்டுமே பார்க்கப்படும். உயர்குல ஆண் ‘தாழ்ந்த’ பெண்ணை மணப்பதில் தடையில்லை; உயர்குலப் பெண் ‘தாழ்ந்த’ ஆணை மணந்தால்தான் குடும்பத்துக்கு இழுக்கு. அனுலோமம், பிரதிலோமம் என்று மனு வகுத்ததும் இதே கணக்குத்தான். பெண்ணின் கருப்பையைக் காவல் காத்தே சாதி பிழைக்கிறது என்பது மொழி மாறினாலும் மாறவில்லை.

வங்காளத்தின் 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, அஷ்ரஃப், அஜ்லஃப், அர்ஸல் என்ற முஸ்லிம் அடுக்குகளைப் பதிவுசெய்ததை அம்பேத்கர் பாகிஸ்தான் குறித்த தம் நூலில் எடுத்துக்காட்டினார். பீகாரில் அலி அன்வர் 1998இல் தொடங்கிய பஸ்மாந்தா முஸ்லிம் மஹாஸ் இயக்கம், அவ்வடுக்கின் கீழிருந்து எழுந்த குரல். இதைச் சுட்டுவது முஸ்லிம் வெறுப்புக்குத் தீனி போடுவதாகும் என்று சில தோழர்கள் தயங்குகின்றனர். அத்தயக்கத்தின் விலையைக் கொடுப்பவர்கள் அர்ஸல்கள்தாம்.

சட்ட நிலை என்ன? ஹனஃபி பள்ளியின் முதன்மைக் கருத்துப்படி, பருவமடைந்த பெண் வலீ எனப்படும் பாதுகாவலர் இன்றியே தன் திருமணத்தைச் செய்துகொள்ளலாம். மணமகன் இணையற்றவர் என்றால் வலீ, காஜியிடம் முறையிட்டு நீக்கக் கோரலாம், குழந்தை பிறந்துவிட்டால் அவ்வுரிமையும் இல்லை. அதாவது இணையற்ற திருமணம் செல்லும். அப்படிப்பட்ட திருமணமே செல்லாது என்ற இன்னொரு கருத்தைப் பிற்கால முஃப்திகள் பலர் எடுத்தாண்டதால்தான் ‘மார்க்கச் சட்டம்’ என்ற மிரட்டல் வலுப்பெற்றது. இந்திய நீதிமன்றத்தில் இன்று இது நிற்காது என்பது என் கருத்து. ஹாதியா வழக்கில் 2018ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், வயதுவந்த பெண் தன் துணையைத் தேர்வது அரசியலமைப்பின் 21ஆம் கூறு காக்கும் உரிமை என்றது. தந்தையின் மறுப்புக்கு அங்கே இடமில்லாதபோது, தந்தையின் குலப்பெருமைக்கு மட்டும் எப்படி இடமிருக்கும்?

தலித் மணமக்கள் இழப்பது எதை?

மதம் மாறி மணப்பதா, மாறாமல் மணப்பதா என்ற தேர்வு தலித்துகளுக்கு மட்டும் கூடுதல் விலை கேட்கிறது. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி முதலில் இந்துக்களை மட்டும் ஏற்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பவுத்தரையும் சேர்த்துக்கொண்டது. இசுலாத்தையோ கிறித்தவத்தையோ ஏற்றவர் அந்த நிலையை இழக்கிறார். இப்பத்தியை நீக்க ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது, நடக்கவில்லை. நிக்காஹுக்காகக் கலிமா சொல்லிச் சான்றிதழ் பெறும் தலித் பெண், அன்றே இடஒதுக்கீட்டையும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பையும் இழக்கிறாள். மதம் மாறிய பின்னும் அவளை அதே சாதிப் பெயர் சொல்லித் திட்டுவார்கள். வழக்குப் பதிய அச்சட்டம் இராது. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கான 3.5 விழுக்காடு, பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காட்டுக்கும் அப்பாதுகாப்புக்கும் ஈடாகாது.

பலர் அறியாத மற்றொரு கண்ணி, 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமணக் கலைப்புச் சட்டத்தின் நான்காம் பிரிவில் உள்ளது. முஸ்லிம் பெண் மார்க்கத்தை விட்டு நீங்கினாலும் அவள் திருமணம் தானாக முறியாது என்கிறது அப்பிரிவு. ஆனால் வேறு சமயத்திலிருந்து இசுலாத்துக்கு வந்த பெண் தன் பழைய சமயத்துக்கே திரும்பினால் இந்தப் பாதுகாப்பு பொருந்தாது என்று ஒரு காப்புரை சேர்க்கிறது. கணவனோடு பிணக்கு ஏற்பட்டுத் தாய்வீடு திரும்பும் பெண்ணை, உறவினர்கள் பழைய சமயத்தில் சேர்த்துவிட்டதாகச் சடங்கு செய்தால், அவளுடைய மண உறவே முறிந்ததாக வாதிட அது இடமளிக்கிறது. பழைய சாதி நிலை தானாகத் திரும்புமா என்றால், அதுவும் இல்லை. கே.பி. மனு வழக்கில் 2015ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் விதித்தபடி, முன்னோர் அச்சாதியினர் என்பதற்கான சான்றும், மீண்டும் மதம் மாறியதற்கான சான்றும், அச்சமூகம் ஏற்றுக்கொண்டதற்கான சான்றும் வேண்டும்.

சிறப்புத் திருமணச் சட்டத்தில் மதம் மாறத் தேவையில்லை என்பதால் பட்டியல் சாதி நிலை அப்படியே இருக்கும். பிள்ளைகளின் சாதி நிலை, அவர்கள் எந்தச் சூழலில் வளர்ந்தார்கள், என்ன இழிவைச் சுமந்தார்கள் என்பதைப் பொறுத்துத் தீர்மானிக்கப்பட வேண்டியது. தலித் தாயும் தலித் அல்லாத தந்தையும் இணைந்த குடும்பங்களில் இதற்கான ஆவணங்களைத் தொடக்கத்திலிருந்தே சேர்த்து வைப்பது நல்லது.

அந்த இளைஞரிடம் அன்று நான் குர்ஆனின் மூன்று வசன எண்களை எழுதிக் கொடுத்தேன். அவருடையது கடலோர ஊர், ஷாஃபி ஜமாஅத். அப்பள்ளியில் வலீ இன்றி நிக்காஹ் செல்லாது என்பதால், தந்தை ஒப்பாமல் அங்குள்ள இமாம் நிக்காஹ் நடத்த மாட்டார் என்பதையும் சொன்னேன். சிறப்புத் திருமணச் சட்டம் வெவ்வேறு மதத்தாருக்கு மட்டுமானது என்று அவர் நினைத்திருந்தார். இரண்டு முஸ்லிம்களும் அதன்கீழ் மணக்கலாம். ஆணுக்கு 21 வயதும் பெண்ணுக்கு 18 வயதும் நிறைந்து, இருவரில் ஒருவர் அந்தப் பதிவு மாவட்டத்தில் 30 நாளாவது தங்கியிருந்தால் போதும். அறிவிப்பு வெளியான பின் ஆட்சேபனைக்கு 30 நாள் கெடு. சட்டம் வகுத்த நிபந்தனைகளை மீறுவதாக இருந்தால் மட்டுமே ஆட்சேபனை எழுப்ப முடியும். அவற்றில் குஃப்வு இல்லை. மூன்று சாட்சிகளைத் தேடிக்கொள்ளச் சொன்னேன். இரண்டு பேர் உடனே கிடைப்பார்கள், மூன்றாமவரை வெளியூரில்தான் பார்க்க வேண்டும் என்றார்.